வேலையை விடும் விலை: நர்ஸ் சம்பளப் பேரத்தை எப்படி அளப்பது?

சென்னையின் மேற்கு விளிம்பில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று ஒரு சுற்று வந்தால், தமிழ்நாட்டில் நர்ஸ் வேலை எத்தனை விதமாகக் கிடைக்கிறது என்பது தெரிந்துவிடும். தொழிற்பேட்டையை நம்பி வளர்ந்த சிறிய நர்சிங் ஹோம்கள், அம்பத்தூரில் அறக்கட்டளை நடத்தும் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் மருத்துவமனை, ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அரசு மருத்துவமனைகள், முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன், அயனம்பாக்கத்தில் அப்போலோ, வேலப்பன்சாவடி முதல் தண்டலம் வரை நெடுஞ்சாலையோரத்து மருத்துவக் கல்லூரிகள். இவற்றில் வேலை செய்யும் பெண்களில் கணிசமானவர்கள் வெளியூர்க்காரர்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், தென்மாவட்டங்கள், கேரளம், வடகிழக்கு என்று பல ஊர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார்கள்.

குறுகிய ஒப்பந்தத்தில் ஊர் மாறி வேலை செய்பவரை அமெரிக்காவில் டிராவல் நர்ஸ் என்கிறார்கள். அந்தப் பெயர் இங்கே புழக்கத்தில் இல்லாவிட்டாலும் அந்த வாழ்க்கை இங்கேயும் உண்டு. இரண்டு வருடம் அம்பத்தூர், பிறகு ரியாத் அல்லது துபாய், முடிந்தால் லண்டன் என்பதுதான் பலர் மனதில் வைத்திருக்கும் வரைபடம். ஒவ்வொரு நிலையிலும் ஒரு ஆஃபர் லெட்டர் வரும். அது நல்ல பேரமா என்று எதை வைத்து முடிவு செய்வது?

வழக்கமான பதில், சம்பளத் தொகையைப் பார் என்பது. கொஞ்சம் விவரமானவர்கள் கையில் எவ்வளவு வரும் என்று பார்ப்பார்கள். உள்ளூர் நர்சிங் ஹோமிலிருந்து வளைகுடா வரை உள்ள ஒப்பந்தங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் மூன்றாவதாக ஒரு அளவுகோல் தேவைப்படுகிறது: அந்த வேலையை விட்டு வெளியே வர என்ன விலை? உயர்ந்த சம்பளம் போலத் தோன்றும் பல பேரங்கள் இந்தக் கேள்வியில்தான் உடைகின்றன. இங்கே பேசப்படும் நிபந்தனைகள் பொதுவானவை. மேலே பெயர் சொன்ன எந்த நிறுவனத்தையும் குறிப்பவை அல்ல.

சொல்லும் தொகை, கையில் வரும் தொகை

இன்டர்வியூவில் சொல்லப்படுவது பெரும்பாலும் சி.டி.சி., அதாவது அந்த ஊழியருக்காக நிர்வாகம் செலவழிக்கும் மொத்தத் தொகை. ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். சி.டி.சி. மாதம் 22,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 11,000. நிர்வாகம் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 1,320 ரூபாய். கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது 4.81 சதவீதம், 529 ரூபாய். நிர்வாகத்தின் இ.எஸ்.ஐ. பங்கு 3.25 சதவீதம், ஏறக்குறைய 634 ரூபாய். இவை போனால் மொத்தச் சம்பளம் 19,517. நர்ஸின் பங்காக பி.எஃப். 1,320, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 146 பிடித்தால் கையில் வருவது சுமார் 18,050. விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் 3,500 பிடித்துக்கொண்டால் மிச்சம் 14,550 ரூபாய்தான்.

பக்கத்துத் தெருவில் ஒரு நர்சிங் ஹோம் 18,000 ரூபாயை முழுசாகக் கையில் தருகிறது, பிடித்தம் கிடையாது, தங்குமிடமும் சாப்பாடும் இலவசம் என்று வைத்துக்கொள்வோம். கேட்டவுடன் இதுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் அங்கே டூட்டி 12 மணி நேரம். மாதம் 26 நாள் என்றால் 312 மணி நேரம். முதல் இடத்தில் எட்டு மணி நேரக் கணக்கில் 208 மணி. நர்சிங் ஹோம் தரும் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் அதே 3,500 மதிப்பு போட்டாலும் மணிக்கு 69 ரூபாய்க்கு மேல் வராது. முதல் இடத்தில் கையில் வருவதோடு இருதரப்பு பி.எஃப். 2,640 ரூபாயையும் சேர்த்தால் மணிக்கு ஏறக்குறைய 100 ரூபாய். மாதக் கணக்கில் தோற்ற வேலை மணிக் கணக்கில் ஜெயிக்கிறது.

பிடித்தம் இல்லை என்பது சலுகையும் அல்ல. பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்கு இ.எஸ்.ஐ., இருபது பேராவது என்றால் பி.எஃப். என்பது பொது விதி. நர்ஸ், ஆயா, லேப், பார்மசி, வரவேற்பு எல்லாவற்றையும் எண்ணினால் முப்பது படுக்கை நர்சிங் ஹோமே இந்த எண்ணிக்கையைத் தாண்டும். இ.எஸ்.ஐ. இருந்தால் நோய் விடுப்பில் சம்பளத்தின் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். பிரசவத்துக்கு 26 வார முழுச் சம்பளமும் கிடைக்கும். அந்த உரிமையைத்தான் பிடித்தமில்லாத 18,000 விழுங்குகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இ.எஸ்.ஐ. உச்சவரம்பு 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாய். சம்பளம் 20,800லிருந்து 21,500 ஆனால் மாதம் 700 ரூபாய் கூடுகிறது, நடப்புப் பங்களிப்புக் காலத்தோடு பங்களிப்பு நின்று, சில மாதத்தில் காப்பீடும் போய்விடுகிறது. அந்த உயர்வை ஏற்கும்போதே குழு மருத்துவக் காப்பீட்டையும் கேட்பது அவசியம். பிரசவ விடுப்புச் சம்பளம் அதன்பிறகு சட்டப்படி நேராக நிர்வாகத்தின் பொறுப்பு.

போக்குவரத்தும் இந்தக் கணக்கில்தான் வரும். அம்பத்தூர், ஆவடிக்கு மின்சார ரயில் உண்டு. பூந்தமல்லிக்குப் புறநகர் ரயில் கிடையாது, பேருந்து உண்டு. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் பகல் டூட்டிக்குச் செலவு குறைவு. மதிய டூட்டி முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வெளியே வருபவருக்கு அந்த இலவசம் எப்போதும் உதவாது. மருத்துவமனை வண்டி உண்டா என்பதைச் சம்பளத்தின் பகுதியாகவே கேட்க வேண்டும்.

உடைத்துக் காட்டும் தந்திரம்

சம்பளத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் பெரிதாகக் காட்டுவது நம் ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்க டிராவல் நர்ஸின் ஒப்பந்தம் வழக்கமாக 13 வாரம், வாரத்துக்கு 36 மணி. வாரத் தொகையாக ஒரு பெரிய எண்ணைச் சொல்வார்கள். பிரித்துப் பார்த்தால் வரிக்குட்பட்ட மணிக்கூலி குறைவாகவும், வரியில்லாத வீட்டு, உணவுப் படி அதிகமாகவும் இருக்கும். வேறு ஊரில் நிஜமாகவே நிரந்தர வீடு வைத்துச் செலவு செய்பவருக்கே அந்தப் படி வரியில்லாமல் செல்லும். ஓவர்டைமோ மணிக்கூலியை வைத்துத்தான் போடப்படும். ஆகவே படி எவ்வளவு பெருக்கிறதோ அவ்வளவு ஓவர்டைம் இளைக்கும். வேலை செய்த மணி நேரத்தைப் பொறுத்துக் கூடிக் குறையும் படி உண்மையில் சம்பளமே என்றும், ஓவர்டைம் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டும் என்றும் 2021இல் அங்குள்ள ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் டிராவல் நர்ஸ்களை அனுப்பும் ஏ.எம்.என். நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் தீர்ப்பளித்தது.

அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2019 பிப்ரவரியில், நம் உச்ச நீதிமன்றம் விவேகானந்த வித்யாமந்திர் வழக்கில் இதே திசையில் சென்றது: எல்லோருக்கும் ஒரே மாதிரி வழங்கும் படிகளை அடிப்படைச் சம்பளத்திலிருந்து ஒதுக்கி பி.எஃப்.ஐக் குறைக்க முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதை இன்னும் இறுக்குகின்றன. விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கொள்ளப்படும்.

ஆஃபர் லெட்டரில் அடிப்படை 6,000, படிகள் 14,000 என்று இருந்தால் கேள்வி கேட்க இதுவே போதுமான ஆதாரம். அடிப்படை குறைந்தால் பி.எஃப். குறையும், கிராஜுவிட்டி குறையும், விடுப்பைக் காசாக்கினாலும் குறையும். இவற்றில் பெரும்பாலானவை வேலையை விடும்போது கைக்கு வருபவை. ஆக, தந்திரத்தின் இழப்பு தெரிவது கடைசி நாளில்தான்.

அனுபவச் சான்றிதழும் கூலிதான்

புதிதாகப் படித்து முடித்தவர் குறைந்த சம்பளத்துக்கு ஏன் சேருகிறார்? வளைகுடா நாடுகள் பொதுவாக இரண்டு வருட அனுபவம் கேட்கின்றன. பெரிய மருத்துவமனையின் ஐ.சி.யூ.விலோ டயாலிசிஸிலோ கிடைக்கும் அனுபவச் சான்றிதழ்தான் அடுத்த கதவின் சாவி. மருத்துவமனைக்கும் இது தெரியும். சம்பளத்தின் ஒரு பகுதியை ரூபாயாகவும், மறுபகுதியை அந்தத் தாளின் மதிப்பாகவும் தருகிறது. சின்ன நர்சிங் ஹோம் சில சமயம் கூடுதல் ரொக்கம் கொடுத்தும் ஆள் கிடைக்காமல் தவிப்பதற்குக் காரணம், அதன் தாளுக்கு வெளியே மதிப்பு குறைவு என்பதே.

இப்படிப் பார்த்தால் ரிலீவிங் லெட்டரையும் அனுபவச் சான்றிதழையும் கொடுக்காமல் இழுத்தடிப்பது வெறும் நிர்வாகத் தாமதமாகாது. ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்த கூலியைப் பிடித்துவைப்பதாகும். மாதச் சம்பளத்தை இரண்டு மாதம் நிறுத்தினால் வார்டே கொந்தளிக்கும். சான்றிதழை ஆறு மாதம் நிறுத்தினால் பாதிக்கப்பட்டவர் தனியாளாக ஹெச்.ஆர். அறை வாசலில் நிற்கிறார்.

எந்த வார்டு என்பதும் இதனால்தான் பேரப் பொருள். ஐ.சி.யூ., பச்சிளங்குழந்தைப் பிரிவு, ஆபரேஷன் தியேட்டர், கேத் லேப், டயாலிசிஸ் ஆகியவற்றில் பழகியவருக்கு வெளியில் மதிப்பு கூடுதல். 1,000 ரூபாய் அதிகம் கேட்டு மறுக்கப்படும் ஒருவர், குறிப்பிட்ட பிரிவில் ஒரு வருடம் என்பதை எழுத்தில் வாங்க முடிந்தால் அந்த ஆயிரத்தைவிடப் பெரியதை வாங்கியிருக்கிறார்.

பாண்ட்

வெளியேறும் விலையின் பச்சையான வடிவம் பாண்ட். மாதிரிக்கு, இரண்டு வருட பாண்ட், முறித்தால் 1,00,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 4,167 ரூபாய். வேலை செய்த மாதத்துக்கு ஏற்பத் தொகை குறையும் என்று எழுதியிருந்தால், ஒரு வருடம் முடித்தவர் 50,000 கட்டினால் போதும். அப்படி எழுதவில்லையென்றால் 23ஆவது மாதத்தில் விடுபவரும் முழு லட்சம் கட்ட வேண்டும். ஒரே ஒரு வாக்கியத்தின் மதிப்பு இவ்வளவு.

மருத்துவமனையின் நியாயத்தையும் கேட்க வேண்டும். புதியவரை ஐ.சி.யூ.வுக்குத் தயார் செய்ய மூத்த நர்ஸின் நேரம் மாதக்கணக்கில் செலவாகிறது. கற்றுக்கொண்டதும் போய்விட்டால் நஷ்டம்தான். காப்பீட்டுத் திட்டங்களின் நிர்ணயிக்கப்பட்ட பேக்கேஜ் கட்டணத்தில் ஓடும் சிறிய மருத்துவமனை சம்பளத்தை நினைத்தபடி உயர்த்தவும் முடியாது. பாண்ட் என்றாலே சட்டவிரோதம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ஆறுதலும் முழு உண்மையல்ல. 2025 மே மாதம் விஜயா பாங்க் வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. பொதுத்துறை வங்கி ஆளெடுக்கப் படும் செலவையும் பாட்டையும் அதற்குக் காரணமாகச் சொன்னது. அதே சமயம் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. பயிற்சியே தராமல் முதல் நாளே வார்டில் நிறுத்திய இடம் லட்ச ரூபாய் நஷ்டம் என்று நிரூபிப்பது எளிதல்ல.

பணத்தைவிட மோசமான பாண்ட், அசல் சான்றிதழ்களை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வது. பணப் பாண்டை வழக்காடலாம், தவணையில் கட்டலாம். அசல் கையில் இல்லாதவர் அடுத்த வேலையின் சரிபார்ப்புக்கே போக முடியாது. சரிபார்க்க வாங்கினால் அன்றே திருப்பித் தர வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

அரசு ஒப்பந்தமும் விதிவிலக்கல்ல

தனியாரில்தான் இப்படி, அரசு வேலை கிடைத்தால் தீர்ந்தது என்பது பெற்றோரின் நம்பிக்கை. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் காலமுறை ஊதியம் என்ற எதிர்பார்ப்பில் சேர்ந்தார்கள். அது நடக்காததால் 2017 நவம்பரில் மருத்துவத் துறை அலுவலகங்கள் உள்ள தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டார்கள். தொகுப்பூதியம் பின்னர் 14,000, அதன்பின் 18,000 என்று நகர்ந்தது. இதே காலத்தில் மத்திய அரசு மருத்துவமனை நர்ஸிங் ஆபீசரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900. வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை, வித்தியாசம் ஒப்பந்தத்தின் வகையில்.

கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட சுமார் 2,400 நர்ஸ்களின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடிக்கப்பட்டது. நர்ஸ் விலகினால் விலை உண்டு. நிர்வாகம் அனுப்பினால் விலை இல்லை. அமெரிக்க டிராவல் ஒப்பந்தத்திலும் மருத்துவமனை நடுவில் ரத்து செய்யலாம் என்ற ஷரத்தைத்தான் அனுபவசாலிகள் முதலில் தேடுகிறார்கள். ‘நான் போனால் இவ்வளவு கட்ட வேண்டும், நீங்கள் அனுப்பினால் எனக்கு என்ன தருவீர்கள்?’ என்ற கேள்வி எந்த ஆஃபர் லெட்டருக்கும் பொருந்தும்.

கடல் கடந்தால்

வெளிநாட்டு வேலையில் வெளியேறும் விலை விமானம் ஏறுமுன்பே எழுதப்படுகிறது, கடன் பத்திரத்தில். பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. 2015இல் கொச்சியில் சி.பி.ஐ. பதிந்த வழக்கு ஒன்றின் குற்றச்சாட்டு, குவைத் வேலைக்கு அப்போது 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வாங்கினார்கள் என்பது. அந்த ஆண்டிலேயே, குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு முகமைகள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்ற விதி வந்தது. தமிழ்நாட்டில் அந்த வழி, 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்.

கடன் என்ன செய்யும் என்பதை 2014 காட்டியது. இராக்கின் திக்ரித் நகரில் போருக்கு நடுவே 46 இந்திய நர்ஸ்கள் சிக்கினார்கள். பெரும்பாலோர் கேரளத்தவர், ஒருவர் தூத்துக்குடிக்காரர். ஊரில் கடன், அங்கே வராத சம்பள பாக்கி. குண்டு விழும் ஊரிலிருந்து கிளம்பவும் அவர்களில் பலரைத் தயங்கவைத்தது இதுதான்.

நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். வளைகுடாவில் தங்குமிடமும் விமான டிக்கெட்டும் சேரும், வருமான வரி இல்லை. ஐக்கிய அமீரகத்தில் பணிமுடிவுத் தொகை முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், குறைந்தது ஒரு வருடம் முடித்திருக்க வேண்டும். அடிப்படை குறைவாக எழுதப்படும் தந்திரம் அங்கேயும் கடைசி நாளில்தான் கடிக்கும். ஜெர்மனியில் படிப்பு அங்கீகாரம் கிடைக்கும்வரை உதவியாளர் சம்பளம்தான், ஆகவே விளம்பரத்தில் உள்ள தொகை எந்த மாதத்திலிருந்து என்று கேட்க வேண்டும். பிரிட்டனில் விசா, பயணம், தேர்வுச் செலவை மருத்துவமனையே ஏற்பதுண்டு, சீக்கிரம் விலகினால் திருப்பிக் கேட்பதும் உண்டு. அந்தத் தொகை வெளிப்படையாக, அளவாக, காலம் செல்லச் செல்லக் குறைவதாக இருக்க வேண்டும் என்று அங்குள்ள சர்வதேச ஆள்சேர்ப்பு நெறிமுறையில் 2022இல் சேர்த்தார்கள். அம்பத்தூர் பாண்டுக்கும் இதைவிட நல்ல அளவுகோல் தேவையில்லை.

தனியாள் பேரத்தின் எல்லை

இந்திய பயிற்சிபெற்ற நர்ஸ்கள் சங்கத்தின் வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன்படி, தனியார் நர்ஸ்களின் சம்பளம் பற்றி மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. குழுவின் பரிந்துரை தெளிவானது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். 100க்கு மேல் என்றால் அதைவிட அதிகபட்சம் 10 சதவீதம் குறைவு. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதம் குறைவு. எங்கேயும் 20,000 ரூபாய்க்குக் கீழே கூடாது. பரிந்துரையைச் சட்டமாக்குவது மாநிலங்களின் கையில் விடப்பட்டது. கேரளத்தில் நர்ஸ்கள் சங்கமாகத் திரண்டு நடத்திய போராட்டங்களுக்குப் பிறகு 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் தனியார் நர்ஸ்களிடம் அந்த அளவு சங்க பலம் இல்லை. ஊர் விட்டு வந்து, விடுதியில் தங்கி, இரண்டு வருடத்தில் கிளம்ப நினைப்பவரைச் சங்கத்தில் சேர்ப்பது கடினம்.

ஆகவே தனியாகப் பேசும் 22 வயதுப் பெண்ணால் சம்பளத் தொகையை ஓரளவுக்கு மேல் நகர்த்த முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘எவ்வளவும்மா எதிர்பார்க்கிறே?’ என்று ஹெச்.ஆர். கேட்கும்போது ஒரு எண்ணைச் சொல்லி, அதில் பாதி வழியில் முடிவதுதான் வழக்கம். ஆனால் மருத்துவமனைக்கு உடனடிச் செலவு வைக்காத நிபந்தனைகளில் இடம் அதிகம். அங்கிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம்.

பேசும் வரிசையை அதனால் தலைகீழாக்க வேண்டும். முதலில் அசல் சான்றிதழ் யார் கையில் என்பது. அடுத்து பாண்ட் தொகை மாதத்துக்கு மாதம் குறையுமா, நோட்டீஸ் காலம் எத்தனை நாள், ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் எத்தனை நாளில், அதில் எந்தப் பிரிவு என்று எழுதப்படுமா. புதிய ஊதியச் சட்டம் விலகியவருக்கான பாக்கியை இரண்டு வேலை நாளில் தரச் சொல்கிறது என்பதை இங்கே நினைவூட்டலாம். மூன்றாவது, மணி நேரம்: டூட்டி எட்டா பன்னிரண்டா, நைட் எத்தனை, டபுள் டூட்டிக்கு காசா கம்ப் ஆஃபா. நான்காவது, அடிப்படைச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. கடைசியில்தான் மொத்தத் தொகை. எல்லாம் எழுத்தில் வேண்டும். மின்னஞ்சலில் ஒரு வரி உறுதிப்படுத்தினாலும் வாய்ச்சொல்லைவிட அது மேல்.

இந்த வரிசை ஒருவேளை முதல் மாதச் சம்பளத்தை ஒரு ரூபாய்கூட உயர்த்தாது. ஆனால் சம்பளத்தை நிஜமாக உயர்த்துவது அடுத்த வேலை. கதவு திறந்திருக்கும் நர்ஸிடம் ஒவ்வொரு வருடமும் மருத்துவமனை மறுபடி பேசியாக வேண்டும். கதவு பூட்டப்பட்டவரிடம் பேச அதற்கு எந்த அவசியமும் இல்லை.